கவென்ட்ரியில் முதல் கார் காப்பீடு: கறுப்புப் பெட்டியோடு ஓராண்டு

திருநெல்வேலியில் பதினோரு ஆண்டுகள் கார் ஓட்டி, அதில் ஒரு முறைகூடக் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கேட்டுப் போகாதவள் நான். அந்தப் பதினோரு ஆண்டுகளுக்கும் இங்கிலாந்தில் ஒரு காசு மதிப்பில்லை என்பது, 2023 ஜனவரியில் கவென்ட்ரியில் பழைய ஹோண்டா ஜாஸ் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்த மாலையில்தான் எனக்கு உறைத்தது. வண்டி 2014-ஆம் ஆண்டினது. விலை 4,600 பவுண்டு. பல நிறுவனங்களின் விலைகளை ஒரே இடத்தில் காட்டும் ஒப்பீட்டுத் தளம், அதற்கான ஓராண்டுக் காப்பீடாக முதலில் காட்டிய தொகை 2,140 பவுண்டு. செவிலியர் சம்பளத்தில் வாழ்பவளுக்கு, வண்டியின் விலையில் ஏறக்குறைய பாதியை, நடக்காமல் போகக்கூடிய ஒரு விபத்துக்காக எடுத்து வைப்பது எளிதன்று. கடைசியில் நான் வாங்கியது, வண்டிக்குள் ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தி நம் ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும் வகைக் காப்பீடு; கட்டணம் 1,390 பவுண்டு. அந்தப் பெட்டியோடு ஓராண்டை முடித்துவிட்டு எழுதும் மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை அந்த நிறுவனத்துக்கு மட்டும் உரியவையல்ல, வெளிநாட்டு உரிமத்தோடு இங்கு வந்து இறங்கும் எல்லோருக்கும் விற்கப்படும் இந்தச் சரக்குக்கே உரியவை.

முதலில் ஒரு அடிப்படை வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பழக்கத்தில் வந்தவர்கள் தடுமாறும் இடம் அதுதான். இந்தியாவில் காப்பீடு வண்டியோடு ஒட்டியது. செல்லத்தக்க உரிமம் உள்ள யாரும், உரிமையாளர் சாவியைக் கொடுத்தால், அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். இங்கு காப்பீடு பெரும்பாலும் ஆளோடு ஒட்டியது. சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓட்டலாம். பெயர் இல்லாதவர் பக்கத்துத் தெருவரை ஓட்டினாலும் அது காப்பீடின்றி ஓட்டிய குற்றமாகிவிடும். அதற்குரிய நேரடி அபராதம் 300 பவுண்டும் உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகளும். வண்டியைக் காவல்துறை அங்கேயே பறிமுதலும் செய்யலாம். புதிதாக உரிமம் பெற்றவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே பறிபோகும் என்பதால், நம்மைப் போன்றவர்களுக்கு இது அபராதத்தோடு முடிகிற காரியமன்று. காவல்துறையின் சாலைக் கேமராக்கள் வண்டி எண்ணைப் படித்துக் காப்பீட்டுத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகின்றன. கையில் காகிதம் இருக்கிறதா என்று யாரும் நிறுத்திக் கேட்கக்கூடத் தேவையில்லை.

ஆக, விலையைத் தீர்மானிப்பது வண்டியைவிட நாம்தான். ஒப்பீட்டுத் தளத்தின் கேள்விகளுள் இரண்டு நம்மை அங்கேயே நிறுத்திவிடுகின்றன: பிரிட்டனில் எப்போதிலிருந்து வசிக்கிறீர்கள், உங்கள் உரிமம் எந்த வகை. "முழு பிரிட்டன் உரிமம்" என்று இருந்தால் ஐம்பதுக்கும் மேற்பட்ட விலைகள் வரிசையாக வந்து விழும் இடத்தில், ஐரோப்பாவுக்கு வெளியிலான உரிமம் என்று குறித்ததும் எனக்கு மிஞ்சியவை ஒன்பதே. அந்த ஒன்பதிலும் ஒரு விந்தை இருந்தது. எதிராளிக்கு நேரும் சேதத்தை மட்டும் ஏற்கும் குறைந்தபட்சக் காப்பீடு, நம் வண்டியையும் சேர்த்து ஏற்கும் முழுக் காப்பீட்டைவிட விலை கூடுதலாகக் காட்டியது. குறைந்தபட்சக் காப்பீட்டை நாடுபவர்கள் அதிகம் விபத்து செய்பவர்கள் என்று நிறுவனங்களின் கணக்கு சொல்கிறதாம். ஆகவே, சிக்கனம் கருதிக் குறைந்ததையே கேட்போம் என்று நினைப்பவர்கள், முழுக் காப்பீட்டின் விலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

நம் ஊர் 'நோ கிளைம் போனஸ்' பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராமல் இருந்தால் இந்தியாவில் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி உண்டல்லவா, அதற்கான சான்றுக் கடிதத்தைப் பழைய நிறுவனத்திடமிருந்து ஒரு வாரத்தில் வாங்கிவிட்டேன். ஆங்கிலத்தில், முத்திரையோடு, அழகான கடிதம். நான் தேர்ந்தெடுத்த நிறுவனம் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்காது என்று நினைக்கிறேன். "பிரிட்டனில் ஈட்டிய தள்ளுபடி மட்டுமே ஏற்கப்படும்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. வெளிநாட்டுச் சான்றை ஏற்கும் நிறுவனங்கள் சில இருக்கவே செய்கின்றன; ஆனால் அவை ஒப்பீட்டுத் தளத்தில் தானாகத் தெரியமாட்டா, தரகரிடமோ நிறுவனத்திடமோ தொலைபேசியில் கேட்டுத்தான் அறிய முடியும். இந்தத் தள்ளுபடி பொதுவாகக் கடைசிக் காப்பீடு முடிந்து இரண்டு ஆண்டுகள்வரைதான் செல்லுபடியாகும் என்பதால், புறப்படும்போதே கடிதத்தை வாங்கி வந்துவிடுவது உத்தமம். எனக்குப் பயன்படவில்லை என்பதற்காக வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

கேள்விகளுக்குப் பதில் எழுதுவதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். இரண்டு மாலைகள் போயின. என் பணி கவென்ட்ரியில் ஒரு மருத்துவமனையில். மாதத்தில் சில நாட்கள் பக்கத்து ஊரான ரக்பியிலுள்ள மற்றொன்றுக்கும் போக வேண்டும். "சொந்தத் தேவைக்கும் வேலைக்குச் சென்றுவரவும்" என்ற பயன்பாட்டு வகை, நிரந்தரமான ஒரே பணியிடத்துக்குப் போய்வருவதைத்தான் குறிக்கிறது. இரண்டாவது இடத்துக்குப் போவது பணிப் பயன்பாடாகிவிடும். என்னோடு வேலை செய்யும் நான்கு மலையாளச் சகோதரிகளுக்கும் இது தெரிந்திருக்கவில்லை. பணிப் பயன்பாட்டைச் சேர்த்ததற்கு எனக்குக் கூடுதலாக ஆனது 41 பவுண்டு. நுகர்வோர் காப்பீடு குறித்த 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாம் கவனக்குறைவாகத் தவறான பதில் கொடுத்திருந்தால் நிறுவனம் இழப்பீட்டைக் கட்டண விகிதத்துக்கேற்பக் குறைக்கலாம். தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் காப்பீட்டையே செல்லாததாக்கலாம். 41 பவுண்டு அதற்கு முன் ஒன்றுமில்லை.

அதேபோல் முதன்மை ஓட்டுநர் யார் என்ற கேள்வி. என் கணவர் இரண்டாவது ஓட்டுநர். அவர் ஊரில் கட்டுமானப் பொறியாளர். இங்கு அப்போது நகருக்கு வெளியே ஒரு கிடங்கில் மாலை ஆறு முதல் இரவு இரண்டு வரை வேலை. செவிலியர் பெயரில் கட்டணம் குறைவாக வருகிறதென்று, உண்மையில் கணவர் ஓட்டும் வண்டிக்கு மனைவியை முதன்மை ஓட்டுநராக எழுதிவைப்பவர்களை நான் அறிவேன். இதை இங்கு மோசடியாகவே கருதுகிறார்கள். எங்கள் வீட்டில் கிலோமீட்டர் கணக்கில் — மைல் கணக்கில் என்று சொல்ல வேண்டும், இன்னும் நாக்குப் பழகவில்லை — நான்தான் அதிகம் ஓட்டினேன், அதனால் உள்ளதை எழுதினேன்.

பணம் கட்டும் முறையிலும் வெளிநாட்டவருக்கென்று ஒரு பள்ளம் இருக்கிறது. மாதத் தவணை என்பது இங்கு கடன். நிறுவனம் நம் கடன் வரலாற்றைப் பார்க்கும். வந்து நான்கு மாதங்களே ஆனவளுக்கு வரலாறு என்று ஒன்றுமில்லை. எனக்குக் காட்டிய தவணைக் கணக்கில் 1,390 பவுண்டு 1,574 ஆகியிருந்தது. ஊரில் போட்டிருந்த ஒரு சீட்டை முன்கூட்டியே எடுத்து, முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டினேன். இதில் 12 சதவீதம் காப்பீட்டு வரியும் அடக்கம்.

பெட்டியைப் பொருத்த வந்தவர் வாகன நிறுத்துமிடத்திலேயே நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்தார். தீப்பெட்டிக் கட்டு ஒன்றின் அளவில், ஸ்டியரிங்குக்குக் கீழே, ஒயர்களுக்கு நடுவில் அது மறைந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு பயணமும் கைபேசிச் செயலியில் மதிப்பெண்ணாக வரும்: வேகம், திடீர் பிரேக், வளைவில் திரும்பும் விதம், ஓட்டிய நேரம் என்று நான்கு தலைப்புகள், நூற்றுக்கு எவ்வளவு என்று. முதல் மாதம் நான் பள்ளிப் பிள்ளையைப் போல அதைத் திறந்து திறந்து பார்த்தேன். வேகத்தில் 94, பிரேக்கில் 71. பாளையங்கோட்டை மார்க்கெட் வழியாக ஓட்டிப் பழகிய கால் அது. கடைசி நொடியில் மிதிக்கும் வழக்கத்தை அது விடவே இரண்டு மாதமாயிற்று. இதை நிறுவனத்துக்கு ஆதரவாகவே சொல்கிறேன். இங்குள்ள ரவுண்டானாக்களில் எப்படி மெல்ல நெருங்க வேண்டும் என்பதை ஓட்டுநர் பயிற்சியாளருக்கு முன்பே அந்த மதிப்பெண்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

ஆனால் நேரம் என்ற தலைப்பில் நாங்கள் மாதாமாதம் தோற்றோம். இரவு 11 மணிமுதல் காலை 5 மணிவரை ஓட்டுவது ஆபத்து என்பது பெட்டியின் கருத்து. என் கணவர் இரண்டு மணிக்கு வேலை முடிந்து, காலியான சாலையில், முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகாமல், பதினைந்து நிமிடத்தில் வீடு வந்து சேருவார். அந்தப் பதினைந்து நிமிடம், சனிக்கிழமை நள்ளிரவில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு சுற்றும் இளைஞனின் பதினைந்து நிமிடத்தோடு ஒரே கணக்கில் எழுதப்பட்டது. யார் ஓட்டுகிறார்கள், எதற்காக ஓட்டுகிறார்கள் என்பது பெட்டிக்குத் தெரியாது. மார்ச் மாதம் மதிப்பெண் 58-க்கு இறங்கியபோது எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. வாங்கும்போது "இரவு ஊரடங்கு இல்லை" என்று எழுதியிருந்ததை எடுத்துக்காட்டிப் பேசினேன். ஊரடங்கு இல்லைதான், மதிப்பெண் மட்டுந்தான் குறையும் என்றார்கள். தடை என்று சொல்லாமல் தடுப்பதற்குப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு — புதிதாக வந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் — இந்த வகைக் காப்பீட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இனி உரிமம். இந்திய உரிமத்தில், இங்கு குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள்வரைதான் ஓட்டலாம். அதற்குள் தற்காலிக உரிமம் எடுத்து, எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் தேறியாக வேண்டும். இந்திய உரிமத்தையோ இலங்கை உரிமத்தையோ நேராகக் கொடுத்து மாற்றிக்கொள்ள வழியில்லை. நான் 2023 ஜூலையில் தேறினேன். உடனே நிறுவனத்துக்குத் தெரிவித்தேன், கட்டணம் நன்றாகக் குறையுமென்று எண்ணி. மீதி மாதங்களுக்கான கட்டணத்தில் 64 பவுண்டுதான் குறைந்தது. அதில் விவரத்தை மாற்றியதற்கான கட்டணம் 35 பவுண்டு போக, கைக்கு வந்தது 29. இதைவிட வேடிக்கை, படிவத்தில் "உரிமம் பெற்று எத்தனை ஆண்டு" என்ற இடத்தில் இதுவரை 11 என்றிருந்தது, பிரிட்டன் உரிமம் வந்ததும் 0 ஆனது. சில நிறுவனங்கள் வெளிநாட்டு ஆண்டுகளையும் எண்ணுகின்றன, சில எண்ணுவதில்லை.

கணவருக்கு நவம்பரோடு பன்னிரண்டு மாதம் முடிந்தது. அக்டோபரில் நடந்த ஓட்டுத் தேர்வில் தவறிவிட்டார். அடுத்த தேதி பிப்ரவரியில்தான் கிடைத்தது. இடைப்பட்ட மாதங்களில் அவர் எல் பலகை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டுதான் ஓட்டலாம். அந்த ஒருவர் நானாக இருக்க முடியாது; ஏனென்றால் மேற்பார்வையாளர் பிரிட்டன் அல்லது ஐரோப்பிய உரிமத்தை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தவராக இருக்க வேண்டும், என்னுடையதற்கு நான்கு மாத வயது. அவர் பெயரைக் காப்பீட்டிலிருந்து நீக்கச் சொன்னேன். நீக்கியதும் கட்டணம் குறையுமென்றுதான் யாரும் நினைப்பார்கள். 18 பவுண்டு கூடியது, மாற்றக் கட்டணம் வேறு. இருவர் ஓட்டும் வண்டி தங்கள் கணக்கில் பாதுகாப்பானது என்று தொலைபேசியில் விளக்கம் சொன்னார்கள். இரவு இரண்டு மணிக்குப் பேருந்து ஏது? தூத்துக்குடிக்காரத் தம்பி ஒருவர் அதே கிடங்கில் இருந்ததால் அந்தக் குளிர்காலம் கடந்தது. ஓட்டுத் தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், விமானம் இறங்கிய மாதமே தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். காப்பீட்டில் சேமிக்க அதைவிட நேரான வழியை நான் காணவில்லை.

இழப்பீடு கோரும் அனுபவமும் அந்த ஆண்டிலேயே வாய்த்தது. செப்டம்பரில் ஒரு பேரங்காடியின் வாகன நிறுத்துமிடத்தில், வெளியேறும் பாதையில் ஒருவருக்காக நான் நின்றுகொண்டிருந்தபோது, வலப்பக்கத்திலிருந்து பின்னோக்கி வந்த வேன் ஒன்று என் முன் கதவில் இடித்தது. இறங்கிய ஓட்டுநர் முதலில் மன்னிப்புக் கேட்டார். பெயரும் காப்பீட்டு விவரமும் கொடுத்தார். மறுநாள் தம் நிறுவனத்திடம், நான் ஓட்டி வந்து மோதியதாகச் சொல்லிவிட்டார். நிறுத்துமிடத்தின் கேமரா அந்த மூலையை எட்டவில்லை. என் நிறுவனத்தில் அந்த வழக்கைக் கவனித்த பெண்மணி, மூன்றாம் நாள் அழைத்து, "உங்கள் வண்டி மோதலுக்கு முன் 38 நொடிகள் அசையாமல் நின்றிருக்கிறது, பெட்டியின் பதிவு எங்களிடம் இருக்கிறது" என்றார். எட்டு மாதம் நான் திட்டிக்கொண்டிருந்த பெட்டி எனக்காகச் சாட்சி சொல்லியிருந்தது. அதன்பின் எதிர்த்தரப்பு வாதாடவில்லை.

கதவை மாற்றிச் சாயமடிக்க ஒன்பது நாளாயிற்று. அதுவரை ஓட்ட ஒரு சிறிய மாற்று வண்டி தந்தார்கள். அது அவர்கள் அங்கீகரித்த பட்டறையில் வேலை நடந்தால் மட்டும், வண்டி பழுதுபார்க்க முடியாதபடி நொறுங்கியிருந்தால் கிடையாது. எக்ஸஸ் எனப்படும் நம் பங்குத் தொகை, கட்டாயம் 250-உம் நானாக ஏற்ற 100-உமாக 350 பவுண்டு, தவறு என்னுடையதாக இல்லாதபோதும் முதலில் நான்தான் கட்ட வேண்டியிருந்தது. வாங்கும்போது மனமில்லாமல் 28 பவுண்டுக்குச் சேர்த்த சட்ட உதவிக் காப்பு, பத்து வாரத்தில் அந்த 350-ஐ எதிர்த்தரப்பிடமிருந்து மீட்டுத் தந்தது. சாவி தொலைந்தால் காப்பு, கண்ணாடி உடைந்தால் கூடுதல் காப்பு என்று கூடையில் போடச் சொல்லும் மற்ற பலவற்றை விட்டுவிடலாம். இந்தப் பகுதியில் நிறுவனத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஒவ்வொரு முறையும் அதே பெண்மணியே பேசினார், கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். முப்பது ஆண்டுகள் அம்பாசிடர் ஓட்டியவர். "சாவியத் தாம்மா, அந்த முக்குவரைக்கும் போயிட்டு வந்துருதேன்" என்று கையை நீட்டினார். சுற்றுலாவாக வருபவர் தம் இந்திய உரிமத்தில் இங்கு ஓட்டத் தடையில்லை; காப்பீடுதான் வேண்டும். ஒருநாள் காப்பீடு விற்கும் செயலிகள் இருக்கின்றன. 66 வயதுக்கு வந்த விலை 43 பவுண்டு. அப்பா அதைக் கேட்டுவிட்டு, நடந்தே போய்விட்டு வந்தார்.

சமூக ஊடகத்தில் நம் ஆட்களின் குழுக்களிலேயே "பாதி விலைக்குக் காப்பீடு எடுத்துத் தருகிறேன்" என்று விளம்பரம் வருவதையும் குறிப்பிட வேண்டும். இந்தப் போலித் தரகர்கள் பொய்யான முகவரியோ வயதோ கொடுத்துக் காப்பீட்டை எடுத்துவிட்டு, சான்றிதழைத் திருத்தி அனுப்புகிறார்கள், அல்லது இரண்டு வாரத்தில் அதை ரத்துசெய்து பணத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மோட்டார் காப்பீட்டாளர் அமைப்பின் தளத்தில் நம் வண்டி எண்ணைக் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். யாரிடம் வாங்கினாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆண்டு முடிவில் புதுப்பிப்புக் கடிதம் வந்தது: சென்ற ஆண்டு 1,390, இவ்வாண்டு 1,265. பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாதென்று 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது. ஆனாலும் அடுத்த கடையில் விலை கேட்காமல் இருக்கக் கூடாது. 2023-இல் நாடு முழுவதும் காப்பீட்டுக் கட்டணங்கள் கடுமையாக ஏறியிருந்த நிலையில், முடிவதற்கு மூன்று வாரம் முன்பே தேடினேன். ஓராண்டுத் தள்ளுபடியும் பிரிட்டன் உரிமமும் கையில் இருந்ததால் இம்முறை ஒன்பதுக்குப் பதில் நாற்பதுக்கும் மேற்பட்ட விலைகள் வந்தன. விபத்தை, என் தவறில்லை என்றாலும், மறைக்காமல் எழுதினேன். பெட்டி இல்லாத முழுக் காப்பீடு ஒன்று 1,080 பவுண்டுக்குக் கிடைத்தது. பழைய நிறுவனம் தானாகப் புதுப்பித்துவிடாமலிருக்க எழுதித் தெரிவித்து, ஓராண்டுத் தள்ளுபடிக்கான சான்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெட்டி இன்னும் ஸ்டியரிங்குக்குக் கீழேதான் இருக்கிறது. அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டதாகவும், கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஆளனுப்ப 75 பவுண்டு ஆகுமென்றும் கடைசி மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள்.